உறுப்புக்கான வரிசையில் யார் முன்னால்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அத்தானுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அவர் உள்ளே மெஷினோடு படுத்திருப்பார். வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் எங்கள் பேச்சு ஊர் உலகமெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து நிற்கும்: "கேடாவர்ல பதிஞ்சிருக்கீங்களா? எத்தனாவது நம்பர்?"

மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து கிடைக்கும் உறுப்பைத்தான் ஆஸ்பத்திரி வட்டாரத்தில் கேடாவர் என்கிறோம். அந்த நாற்காலிகளில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும், கோ-ஆர்டினேட்டர்களையும் டாக்டர்களையும் நச்சரித்துத் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் சிகிச்சை பற்றிய முடிவை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

வெயிட்டிங் லிஸ்ட் என்பது ரேஷன் கடை வரிசை மாதிரிதானே? முதலில் வந்தவருக்கு முதலில்?

இல்லை. அப்படி இருந்தால் இந்தப் பக்கத்துக்கே வேலை இல்லை.

ரேஷன் கடையில் யார் போனாலும் அதே அரிசிதான். இங்கே ஒரு உறுப்பு வந்ததும் முதலில் பார்ப்பது ரத்த வகை. அதிலேயே வரிசையில் பாதிப் பேருக்கு மேல் ஒதுங்கிவிடுவார்கள். இதயம், நுரையீரல் என்றால் உடல் அளவும் ஒத்துவர வேண்டும். ஆறடி ஆளின் இதயம் ஒரு குழந்தையின் நெஞ்சுக்கூட்டில் அடங்காது. அப்புறம் நேரம். வெளியே எடுத்த இதயத்தை நான்கு மணி நேரம், மிஞ்சினால் ஆறு மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். கல்லீரல் பன்னிரண்டு மணி நேரம் வரை தாங்கும். சிறுநீரகம்தான் பொறுமைசாலி, ஒரு நாள் வரை கூடத் தாங்கும். அதனால் இதயத்துக்கு ஊர்த் தூரம் பெரிய விஷயம், சிறுநீரகத்துக்கு அவ்வளவாக இல்லை.

இன்னொன்று: "வரிசை" என்று ஒருமையில் சொல்கிறோமே, அதுவே தப்பு. மருத்துவமனைக்கு ஒரு பட்டியல், அரசு மருத்துவமனைகள் எல்லாம் சேர்ந்த பட்டியல், தனியார் மருத்துவமனைகள் சேர்ந்த பட்டியல், பிற மாநிலம் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. உங்கள் நம்பர் 40 என்றால் எந்தப் பட்டியலில் 40 என்று கேட்காமல் சந்தோஷப்படவும் வேண்டாம், அழவும் வேண்டாம்.

தமிழ்நாட்டில் ஒரு உறுப்பு எந்த வழியாகப் போகிறது?

இங்கே இதை நடத்துவது தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம், சுருக்கமாக டிரான்ஸ்டான். 2008ல் அரசுத் திட்டமாகத் தொடங்கியது, 2014 இறுதியில் தனி ஆணையமானது. அந்த 2008ஆம் வருட செப்டம்பரில்தான், திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஒரு டாக்டர் தம்பதி விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் 15 வயது மகனின் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். அதைப் படித்துவிட்டு அழாத வீடு அன்றைக்குத் தமிழ்நாட்டில் குறைவு. உறுப்பு தானம் என்ற சொல் டீக்கடை வரை வந்தது அப்போதுதான்.

பங்கீடு ஏறக்குறைய இப்படி: மூளைச்சாவு அறிவித்த மருத்துவமனையே உறுப்பு மாற்று அறுவையும் செய்யும் இடமாக இருந்தால் இதயம், கல்லீரல், ஒரு சிறுநீரகம் ஆகியவற்றுக்கு அந்த மருத்துவமனை நோயாளிகளுக்கு முன்னுரிமை. இன்னொரு சிறுநீரகம் பொதுப் பட்டியலுக்கு. பொதுப் பட்டியலில் அரசு மருத்துவமனை நோயாளிகள் முதலில், பிறகு தனியார். மாநிலத்தில் யாருக்கும் பொருந்தவில்லை என்றால் பிற மாநிலம். அங்கேயும் இல்லை என்றால்தான் வெளிநாட்டவர். சிறுநீரகத்துக்கு ஒரே பட்டியலுக்குள் பெரும்பாலும் பதிவு மூப்புதான் பேசும்.

மூளைச்சாவு அறிவித்த மருத்துவமனைக்கே முதல் உரிமை என்பது நியாயமா?

நாற்காலி வட்டாரத்தில் அதிகம் சண்டை நடந்த கேள்வி இது.

ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். மூளைச்சாவு அடைந்தவரின் இதயம் கவனிப்பு இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்காது. ரத்த அழுத்தம் விழும், சோடியம் ஏறும், உடம்பு சில்லிட்டுப்போகும். குடும்பம் சம்மதிக்கும் வரை, அறுவை அரங்கம் தயாராகும் வரை, ஐசியூவில் ஒரு படுக்கையையும் நாலு பேரையும் அதற்கென்றே நிறுத்த வேண்டும். அத்தனையும் செய்துவிட்டு எல்லா உறுப்பையும் வெளியே அனுப்பு என்றால் எத்தனை மருத்துவமனை அறிவிக்க முன்வரும்? மூளைச்சாவை அறிவிக்காமல் விட்டால் யாருக்குமே ஒன்றும் இல்லை. ஊக்கம் கொடுக்க வைத்த விதி இது, பலன் கொடுத்த விதியும்கூட. 2024ல் தமிழ்நாட்டில் 268 பேரின் குடும்பங்கள் உறுப்பு தானம் செய்தன, நாட்டிலேயே அதிகம்.

மறுபக்கம் இருக்கிறது. பெரிய ஐசியூ, பெரிய விபத்துச் சிகிச்சைப் பிரிவு வைத்திருக்கும் மருத்துவமனையில் பதிந்தவருக்குச் சீக்கிரம் கிடைக்கும். அதே நாளில் சின்ன இடத்தில் பதிந்தவர் காத்துக்கொண்டே இருப்பார். நோய் ஒன்றுதான், பதிந்த கட்டடம்தான் வேறு. 2017 அக்டோபரில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். விபத்தில் அடிபட்டுத் தஞ்சாவூர் அரசு மருத்துவமனையில் இருந்த ஒரு இளைஞர் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். அங்கே மூளைச்சாவு அறிவிக்கப்பட்டது. அங்கேயே காத்திருந்த, அரசியலில் பெயர் தெரிந்த ஒருவருக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் பொருத்தப்பட்டன. எழுதிய விதி எதையும் மீறியதாக ஆகவில்லை. ஆனால் பட்டியலில் ஆளை மேலே நகர்த்த முடியாவிட்டால், கொடையாளரைப் பட்டியலுக்குப் பக்கத்தில் நகர்த்தலாம் என்பதை ஊரே பார்த்துவிட்டது.

என் எண்ணம்: முன்னுரிமையை ஒரேயடியாக எடுத்தால் அறிவிப்புகள் குறையும். ஆனால் வேறு மருத்துவமனையிலிருந்து நினைவில்லாமல் மாற்றப்பட்டு வந்து, கொஞ்ச நேரத்தில் மூளைச்சாவு அறிவிக்கப்படுபவரின் உறுப்புகள் நேராகப் பொதுப் பட்டியலுக்குத்தான் போக வேண்டும். அந்த ஒரு ஓட்டையை அடைக்கப் பெரிய சட்டம் ஒன்றும் வேண்டியதில்லை.

உறுப்புக்காக, உயிர் இருப்பவரை மூளைச்சாவு என்று அறிவித்துவிட மாட்டார்களா?

நான்கு டாக்டர்கள் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். வென்டிலேட்டரைச் சற்று நிறுத்தி, தானாக மூச்சு விட முயல்கிறாரா என்று பார்க்கும் சோதனையும் அதில் உண்டு. உறுப்பு மாற்றும் குழுவில் இருப்பவர் அந்த நால்வரில் இருக்கக் கூடாது. 1994ஆம் வருட மனித உறுப்பு மாற்றுச் சட்டம் சொல்வது இது. குடும்பத்தினர் இரண்டு சோதனைகளின் நேரத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தயங்காமல் கேளுங்கள்.

புள்ளி போடுகிறார்கள் என்கிறார்களே, அது என்ன?

மத்திய அரசின் உறுப்பு மாற்று அமைப்பான நோட்டோ, சிறுநீரகத்துக்கு ஒரு புள்ளி முறையை வழிகாட்டுதலாக வைத்திருக்கிறது. டயாலிசிஸில் இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு புள்ளி. ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு 3, பன்னிரண்டுக்குள் 2, பதினெட்டுக்குள் 1. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைக்கும் ஃபிஸ்டுலா போட இடமே இல்லாமல் எல்லாம் அடைத்துப்போனவருக்குக் கூடுதல் புள்ளி. முன்பு தன் உறுப்பை யாருக்காவது கொடுத்துவிட்டு இப்போது தானே சிறுநீரகம் கெட்டு நிற்பவருக்கு 5. உறுப்பு தானம் செய்த குடும்பத்தின் நெருங்கிய உறவுக்கும் 5.

இதில் எனக்குப் பிடித்தது, கணக்கு டயாலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்து ஓடுவது. பதிவுத் தேதியை மட்டும் பார்த்தால், விவரம் தெரிந்தவர் முதல் மாதமே பதிந்துவிடுவார். பதிய வேண்டும் என்பதே தெரியாமல் இரண்டு வருடம் ஊசி குத்திக்கொண்ட கூலிக்காரர் அந்த இரண்டு வருடத்தையும் இழப்பார். எங்கள் வார்டில் அப்படி ஒருவர் இருக்கிறார். "பதியணும்னு யாரும் சொல்லலயே சார்" என்றார். உண்மைதான், யாரும் சொல்லவில்லை.

கல்லீரலுக்கும் இதே முறையா?

இல்லை. சிறுநீரகம் போனால் டயாலிசிஸ் இருக்கிறது, கல்லீரல் போனால் அப்படித் தாங்கிப்பிடிக்க மெஷின் இல்லை. அதனால் அங்கே "எவ்வளவு நாளாகக் காத்திருக்கிறீர்கள்" என்பதைவிட "எவ்வளவு சீக்கிரம் இறந்துபோவீர்கள்" என்பதே கேள்வி. கேட்கவே கஷ்டமாக இருந்தாலும் கணக்கு அதுதான். மெல்ட் ஸ்கோர் என்பது பிலிருபின், ஐஎன்ஆர், கிரியாட்டினின் ஆகிய ரத்தப் பரிசோதனைகளை வைத்து, அடுத்த மூன்று மாதத்தில் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று சொல்லும் எண். 6ல் தொடங்கி 40 வரை. அமெரிக்கா 2002ல் இதன்படிதான் கல்லீரலைப் பங்கிட ஆரம்பித்தது. திடீரென்று கல்லீரல் முழுக்கச் செயலிழந்தவர்கள் இந்த எண்ணையும் தாண்டி முன்னால் போவார்கள். எலி மருந்து விழுங்கியவர்கள் அந்த நிலைக்கு வருவது நம் ஊர் ஐசியூக்களுக்குப் பழக்கமான காட்சி.

எண் என்றால் பாரபட்சம் இருக்காதே?

அப்படித்தான் நானும் நம்பியிருந்தேன்.

கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. பெண்களுக்குத் தசை குறைவு. அதனால் ஒரு பெண்ணின் சிறுநீரகம் ஆணுடையதைப் போலவே கெட்டிருந்தாலும், ரத்தத்தில் கிரியாட்டினின் கொஞ்சம் குறைவாகவே காட்டும். மெல்ட் ஸ்கோரும் குறையும், வரிசையில் பின்னால் நிற்பார். வேண்டுமென்று யாரும் செய்ததில்லை. ஆனால் பெண்கள் காத்திருப்பிலேயே இறப்பது அதிகமாக இருந்தது. 2023ல் வந்த மெல்ட் 3.0 பெண்களுக்கு 1.33 புள்ளி கூட்டித்தான் சரிக்கட்டியது. இருபது வருடத்துக்குப் பிறகு.

இன்னொன்றும் அமெரிக்காவில்தான். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடும் சூத்திரத்தில், கறுப்பினத்தவர் என்றால் விடையைக் கொஞ்சம் உயர்த்திப் போடும் வழக்கம் இருந்தது. அதனால் அவர்களுடைய சிறுநீரகம் தாளில் நல்லதாகத் தெரிந்தது, பட்டியலில் சேரும் நாள் தள்ளிப்போனது. 2022ல் அதைத் தடை செய்தார்கள். அடுத்த வருடத்திலிருந்து பழைய கணக்கைத் திருத்தியபோது, 14,000க்கும் மேற்பட்டவர்களின் காத்திருப்புக் காலம் கூட்டிக் கொடுக்கப்பட்டது. யோசித்துப் பாருங்கள், அத்தனை பேரும் தங்களுக்கு நடந்தது தெரியாமலே டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

சாகக் கிடப்பவருக்குக் கொடுப்பதா, நன்றாகப் பிழைத்துக்கொள்வார் என்பவருக்குக் கொடுப்பதா?

இதுதான் மூலக் கேள்வி. மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் டயாலிசிஸ் மெஷின் புதிது, நோயாளிகள் அதிகம். யாருக்கு மெஷின் என்று முடிவெடுக்க ஏழு பேர் கொண்ட, பெயர் வெளியிடாத குழு ஒன்று அமைத்தார்கள். வேலை, குடும்பம், படிப்பு, கோயில் குளம் போகிறவரா என்பது உட்படப் பார்த்து அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 1962ல் பத்திரிகையில் அது வெளிவந்ததும் பெரிய அதிர்ச்சி. "நல்ல மனிதரா" என்று பார்த்து உயிர் கொடுக்கக் கூடாது என்ற பாடம் அங்கிருந்துதான் தொடங்கியது. இன்று புள்ளிகளும் சூத்திரங்களும் இருப்பதற்கு ஒரு காரணம், அந்த ஏழு பேரின் இடத்தில் மறுபடி யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்பது.

ஆனால் "நல்ல மனிதரா" என்பதை எடுத்துவிட்டாலும் "நல்ல பலனா" என்பது போகவில்லை. இருபது வயதுப் பெண்ணுக்கு எழுபது வயதுக் கொடையாளரின் சிறுநீரகத்தை வைத்தால் சில வருடங்களில் அது ஓய்ந்து, அவர் மறுபடி வரிசைக்கு வருவார். இருபது வயதுச் சிறுநீரகத்தை எழுபது வயதுக்காரருக்கு வைத்தால் அது அவரோடு பாதியிலேயே போய்விடும். இதைப் பார்த்துத்தான் ஐரோப்பாவில் சில நாடுகள் சேர்ந்து நடத்தும் அமைப்பு, 1999லேயே 65 வயதுக்கு மேற்பட்டோரின் சிறுநீரகத்தை 65க்கு மேற்பட்டோருக்கே என்று தனி வழி போட்டது. அமெரிக்கா 2014 டிசம்பரிலிருந்து, மிகச் சிறந்த 20 சதவீதச் சிறுநீரகங்களை, பொருத்திய பின் அதிக காலம் வாழ வாய்ப்புள்ள 20 சதவீத நோயாளிகளுக்கு முதலில் தருகிறது.

சரி, பலனையே முழுக்கக் கணக்கில் எடுத்துவிட்டால்? பிரிட்டன் அதைத்தான் 2018ல் கல்லீரலுக்குச் செய்து பார்த்தது. கல்லீரல் கிடைத்தால் எவ்வளவு வாழ்வார், கிடைக்காவிட்டால் எவ்வளவு வாழ்வார், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்கோர். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் அந்தச் சூத்திரம் ஐந்து வருடம் வரைக்கும்தான் எட்டிப் பார்த்தது. இருபத்தைந்து வயதுக்காரர் உறுப்பு கிடைத்தால் இன்னும் நாற்பது வருடம் வாழலாம் என்பது அதன் கண்ணுக்கே தெரியாது. இளம் வயது என்பதால் காத்திருக்கும்போதும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிப்பார் என்பது மட்டும் தெரியும். விளைவு, வித்தியாசம் குறைவு, ஸ்கோர் குறைவு, இளையவர்கள் பின்னால் தள்ளப்பட்டார்கள். 2023ல் பத்திரிகைகளில் வந்து பெரிய விவாதமானது. யாரும் லஞ்சம் வாங்கவில்லை, யாரும் சிபாரிசு செய்யவில்லை. எத்தனை வருடம் வரை பார்ப்பது என்று ஒரு அறையில் எடுத்த ஒரு முடிவு, அவ்வளவுதான்.

அதனால் எனக்கு இப்போது எந்த முறையைப் பற்றிச் சொன்னாலும் முதலில் தோன்றுவது ஒரே கேள்வி: இந்தக் கணக்கில் யார் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்?

அறுபத்தைந்து தாண்டியவர் பதியலாமா?

பதியலாம். முன்பு இருந்த 65 வயது உச்சவரம்பை 2023ல் மத்திய அரசு எடுத்துவிட்டது. சொந்த மாநிலத்தில்தான் பதிய வேண்டும் என்பதையும், பதிவுக் கட்டணத்தையும் அப்போதே எடுத்தார்கள். உடம்பு அறுவையைத் தாங்குமா என்பதை டாக்டர் பார்ப்பார், அது வேறு.

ஓ குரூப்காரர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்?

ஓ குரூப் சிறுநீரகம் யாருக்கும் பொருந்தும், ஓ குரூப் நோயாளிக்கோ ஓ மட்டும்தான் பொருந்தும். ரத்தம் கொடுக்கும்போது பெருமையாக இருப்பது வாங்கும்போது வினையாகிவிடுகிறது. அதனால்தான் ஓ சிறுநீரகம் வந்தால் முதலில் ஓ நோயாளிகளையே பார்க்கச் சொல்கிறார்கள். அதையும் மீறித் தாமதம் ஆகிறது என்றால், உங்கள் பட்டியலில் ஓ குரூப்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

விஐபிகளுக்கு உடனே கிடைத்துவிடுகிறதே?

எப்போதும் இல்லை. மகாராஷ்டிரத்தின் முன்னாள் முதல்வர், மத்திய அமைச்சராகப் பதவியிலேயே இருந்த விலாஸ்ராவ் தேஷ்முக் 2012 ஆகஸ்டில் சென்னையில் உறுப்புக்காகக் காத்திருந்த நிலையில்தான் இறந்தார்.

பணம் இருப்பவர் வரிசையில் முந்துவதைவிட, எந்த வரிசையில் நிற்பது என்று தேர்ந்தெடுப்பதுதான் அதிகம் நடக்கிறது. ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ் கலிபோர்னியாக்காரர். 2009ல் அவருக்குக் கல்லீரல் மாற்றியது டென்னஸியில் உள்ள மெம்ஃபிஸ் நகரத்தில். அங்கே காத்திருப்பு குறைவு. கூப்பிட்ட சில மணி நேரத்தில் போய்ச் சேர விமானம் இருப்பவர் எந்த ஊரிலும் பதியலாம், அது அங்கே சட்டப்படி சரி. பஸ் பிடித்துப் போகிறவருக்கு ஒரே ஊர்தான்.

நம் ஊர் இதயங்களை வெளிநாட்டவருக்குக் கொடுக்கிறார்கள் என்றார்களே?

2018ல் பெரிய பிரச்சினையானது. அதற்கு முந்தைய வருடம் தமிழ்நாட்டில் நடந்த இதய மாற்றுகளில் சுமார் நான்கில் ஒன்று, நுரையீரலில் சுமார் மூன்றில் ஒன்று வெளிநாட்டவருக்குப் போனது என்று நோட்டோ தரப்பிலிருந்தே சொன்னார்கள். விதிப்படி இந்தியர் யாரும் இல்லை என்றால்தான் வெளிநாட்டவர். அப்படியானால் இத்தனை பேர் காத்திருக்கும் நாட்டில் எப்படி "யாரும் இல்லை"?

பட்டியலில் பெயர் இருப்பது ஒன்று, அன்றிரவு ஆளும் பணமும் தயாராக இருப்பது இன்னொன்று. தனியாரில் இதய மாற்றுக்கு லட்சக்கணக்கில் முன்பணம் வேண்டும். நான்கு மணி நேரத்துக்குள் அதைப் புரட்ட முடியாத இந்தியர் "தயார் இல்லை". ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்துத் தங்கி, பணத்தைக் கட்டிவிட்டுக் காத்திருக்கும் வெளிநாட்டவர் "தயார்". அவரும் சாகக் கிடப்பவர்தான், அவர்மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. வேண்டாம் என்று ஒதுக்கினால் இதயம் வீணாகும் என்பதும் உண்மை. ஆனால் ஏமாற்று வேலை நடக்க இடம் எங்கே என்றால், அந்த "தயார் இல்லை" என்ற இரண்டு சொல்லில்தான்.

பெண்களுக்குக் குறைவாகத்தான் கிடைக்கிறதா?

1995 முதல் 2021 வரையிலான நோட்டோ கணக்கில், உறுப்பு பெற்ற ஐந்து பேரில் நான்கு பேர் ஆண்கள். உயிரோடு இருந்து கொடுப்பவர்களிலோ பெரும்பாலோர் பெண்கள். மனைவி, அம்மா, அக்கா.

எங்கள் வீட்டிலேயே பாருங்கள். அத்தானுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று தெரிந்த அன்றைக்கே அக்கா, "என்னோடத எடுத்துக்கட்டும்" என்றாள். யாரும் ஆச்சரியப்படவில்லை. பரிசோதனையில் அக்காவுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்ததால் டாக்டர் வேண்டாம் என்றார். மாறி நடந்திருந்தால் அத்தான் அதே வார்த்தையை அதே வேகத்தில் சொல்லியிருப்பாரா? நல்ல மனிதர்தான். சொல்லியிருப்பார் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் அவருடைய அம்மா விட்டிருக்க மாட்டார்.

உடம்புக் காரணம் ஒன்றும் உண்டு. பிள்ளை பெற்றவர்களின் ரத்தத்தில் பிறர் திசுவுக்கு எதிரான எதிர்ப்புப் பொருட்கள் உருவாகியிருக்கலாம். அதனால் கிராஸ் மேட்ச், அதாவது கொடையாளரின் உறுப்பை உடம்பு தாக்குமா என்று பார்க்கும் ரத்தச் சோதனை, ஒத்துவருவது கடினம். புள்ளி முறையில் இதற்குக் கொஞ்சம் ஈடு இருக்கிறது. 2025 ஆகஸ்டில் நோட்டோ, காத்திருக்கும் பெண்களுக்குக் கூடுதல் புள்ளி கொடுக்கும்படி மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. நல்லதுதான். ஆனால் புள்ளி, பதிந்தவருக்குத்தான். டயாலிசிஸுக்கே அழைத்துவரப்படாத மாமியார், "வயசாயிடுச்சு, இனி எதுக்கு" என்று ஐம்பத்தைந்து வயதில் தானே சொல்லிக்கொள்ளும் அம்மா, இவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

பணம் இல்லாவிட்டால்?

ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கலாம். உறுப்பு மாற்று அதில் வருகிறது. அரசு மருத்துவமனைகளில் சென்னை ராஜீவ் காந்தி, ஸ்டான்லி போன்ற இடங்களில் நல்ல அனுபவமுள்ள குழுக்கள் இருக்கின்றன.

அறுவைக்குப் பிறகுதான் நிஜச் செலவு. டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகளை வாழ்நாள் முழுக்க, ஒரு வேளை விடாமல் சாப்பிட வேண்டும். கடையில் வாங்கினால் மாதம் ஆயிரக்கணக்கில் ஆகும். மாத்திரையை நிறுத்தினால் உடம்பு உறுப்பை ஒதுக்கிவிடும். "ஏழைக்குக் கொடுத்தால் பலன் நீடிக்காது" என்று பேசுகிறவர்கள் உண்டு. நீடிக்காததற்குக் காரணம் அவர் சிறுநீரகமா, அவர் மாத்திரைச் சீட்டா? மாத்திரை இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் பதிவதா என்பதை, பதியும் முன்பே யோசியுங்கள்.

காத்திருக்க முடியவில்லை. விலைக்குக் கொடுக்க ஆள் இருக்கிறது என்கிறார் ஒருவர்...

வேண்டாம். 1994ஆம் வருடச் சட்டப்படி வாங்குவதும் விற்பதும் தரகு பார்ப்பதும் குற்றம், சிறை உண்டு. சட்டம் கிடக்கட்டும். சென்னை வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் கிட்னிவாக்கம் என்றே பேர். சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர்க் குடியிருப்பில் மீனவப் பெண்கள் விற்றார்கள். 2025ல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்கள். ஒவ்வொரு முறையும் கடனுக்காக விற்றார்கள், கடன் போகவில்லை, ஒரு சிறுநீரகம் போனது. தரகர் உங்களிடம் வாங்குவதில் விற்பவருக்குப் போவது சொற்பம்.

தானம் கொடுக்கும் குடும்பம் இன்னாருக்குத்தான் என்று சொல்லலாமா?

முடியாது. மூளைச்சாவுக்குப் பின் கொடுக்கும்போது சாதி, மதம், ஊர், பெயர் எதையும் குறித்துக் கொடுக்க வழியில்லை. யாருக்குப் போனது என்றும் சொல்ல மாட்டார்கள். 2023 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டில் உறுப்பு தானம் செய்தவருக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கிறது.

போன் போட்டு வரச் சொல்லிவிட்டு, கடைசியில் உங்களுக்கு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஏமாற்றுகிறார்களா?

இல்லை. எங்களுக்கும் நடந்தது.

போன மார்கழியில் ராத்திரி ஒன்றே காலுக்கு போன். கோ-ஆர்டினேட்டர் மேடம். "சார், ஒரு ஆஃபர் இருக்கு. நீங்க ரெண்டாவது. சாப்பிடாம, தண்ணி குடிக்காம வாங்க." அந்த "ரெண்டாவது" எங்கள் யார் காதிலும் விழவில்லை. அக்கா சாமி படத்துக்கு முன்னால் நின்று பையை அடுக்கினாள். நாலு லுங்கி, துண்டு, ஃபைல், காப்பீட்டு அட்டை. ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களுக்கு முன்பே ஒரு அப்பாவும் பையனும் உட்கார்ந்திருந்தார்கள். பையனுக்கு இருபது வயது இருக்கும். காது மறைக்க மஃப்ளர்.

ரத்தம் எடுத்தார்கள். கிராஸ் மேட்ச் என்றால், கொடையாளரின் அணுக்களோடு உங்கள் ரத்த நீரைக் கலந்து உங்கள் உடம்பு அதைத் தாக்குமா என்று பார்ப்பது. விடை வர ஐந்தாறு மணி நேரம் ஆகும். முதல் ஆளுக்கு ஒத்துவராவிட்டால் அதன் பிறகு இன்னொருவரைக் கூப்பிட்டு ஆரம்பிக்க நேரம் இருக்காது, அதனால்தான் இரண்டு மூன்று பேரை ஒரே நேரத்தில் வரச் சொல்கிறார்கள். காலை ஏழரைக்கு மேடம் வந்து அந்தப் பையனின் அப்பாவிடம் குனிந்து ஏதோ சொன்னார். அவர் எழுந்து நின்றார், பிறகு எங்களைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

அத்தான்தான் போய் அவர் கையைப் பிடித்து, "போங்கண்ணே, நல்லபடியா முடியும்" என்றார். வெளியே வந்து இட்லி சாப்பிட்டோம். ராத்திரியெல்லாம் தண்ணீர் குடிக்காததால் அன்றைக்கு எடை ஏறவில்லை, மறுநாள் டயாலிசிஸ் சுலபமாக முடிந்தது என்று அத்தான் அதையும் ஒரு லாபமாகச் சொன்னார். ஒருமுறை இப்படிப் போய்த் திரும்பினால் உங்கள் மூப்பு குறையாது.

சரி, போன் வரும்வரை என்ன செய்வது?

நம்பர் மாற்றினால் அன்றைக்கே கோ-ஆர்டினேட்டரிடம் சொல்லுங்கள். வீட்டில் இரண்டு பேர் நம்பரையாவது கொடுத்து வையுங்கள். ராத்திரி போனை சைலண்டில் போடாதீர்கள். தெரியாத நம்பர் என்று எடுக்காமல் விட்டு வாய்ப்பைத் தவறவிட்டவர்கள் எங்கள் வார்டிலேயே இரண்டு பேர். காய்ச்சல், சளி, காலில் புண் எதுவானாலும் உடனே காட்டுங்கள், அன்றைக்குத் தொற்று இருந்தால் தாண்டிப் போய்விடுவார்கள். கேட்கும் பரிசோதனைகளைக் கெடு தாண்டாமல் எடுத்து ஃபைலில் வையுங்கள். ரத்தம் ஏற்றச் சொன்னால், ஊசி மருந்தில் சமாளிக்க முடியுமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், ஏற்றும் ஒவ்வொரு பாட்டிலும் கிராஸ் மேட்ச்சைச் சிக்கலாக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய், பட்டியலில் உங்கள் பெயர் நடப்பில் இருக்கிறதா, நிறுத்திவைக்கப்பட்டதா என்று கேளுங்கள். அத்தான் பெயர் ஒருமுறை மூன்று மாதம் நிறுத்தியே இருந்தது. எக்கோ ரிப்போர்ட் பழசாம். எங்களிடம் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.